கூலிக்கு முன், கூலிக்குப் பின்

சேவுகன் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆலங்குடிக்குக் கிழக்கே இருந்த சர்க்கார் கடலைப் பண்ணையில் நானும் அவரும் எட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் டைப்பிஸ்ட், அவர் பீல்டுமேன். வயலில் விதைப்பு, களையெடுப்பு, பறிப்பு எல்லாம் அவர் பொறுப்பு. ஆபீசுக்குள் வந்தால் கதவருகே நிற்பார், ஜன்னலுக்குப் போவார், திரும்பி வந்து என் மேஜையில் கிடக்கும் குண்டூசியை எடுத்து வேறு இடத்தில் வைப்பார். எனக்குத் தலை சுற்றும். சாயங்காலம் குடோனைப் பூட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார், பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் போவார். அவர் மனைவி செவந்தி இதைக் கணக்கில் வைத்துத்தான் உலை வைப்பதாகச் சொல்வார்.

இப்படிப் பதறுகிறவர் கையில் ஒரு தராசைக் கொடுத்துவிட்டால் போதும், ஆளே வேறு. காற்று அடித்தால் அது நிற்கும்வரை காத்திருப்பார். முள் நடுவில் வந்து நின்ற பிறகும் கொஞ்ச நேரம் அதையே பார்ப்பார். பிறகுதான் காதில் செருகிய ஊதாப் பென்சிலை எடுத்து பீல்டு புக்கில் எழுதுவார். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் அவர் எழுதிய எண்ணில் ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. நாற்பத்தெட்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் போய் நாங்கள் திருச்சி ஜில்லா ஆனபோது, பழைய ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஒரு வதந்தி. சேவுகன் ஒரே மாதத்தில் மூன்று தடவை புதுக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய்ப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்து வந்தார். பெயர் முதல் தடவையே இருந்தது. மற்ற இரண்டு தடவை எதற்குப் போனார் என்று கேட்டால், அடித்துவிட்டிருந்தால் என்ன செய்வது என்றார்.

அடுத்த வருஷம் பண்ணைக்கு சூப்பிரண்டாக வந்தவர் ஆத்மநாதன். ஆவுடையார்கோவில் பக்கத்துக்காரர், வயது முப்பதுக்குள். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். காரியத்தில் கண்ணாக இருப்பார், சுறுசுறுப்பு, யாரையும் வாய்க்கு வந்தபடி திட்டமாட்டார். ஆனால் சீக்கிரம் மேலே போய்விட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. அது அந்த வயதில் யாருக்குத்தான் இல்லை, எனக்கும்தான் இருந்தது. அவருக்குப் படிப்பு இருந்தது, எனக்கு டைப்புதான் இருந்தது.

அவர் தொடங்கிய சோதனை எளிதானது. விதைக்கிற கடலைப் பருப்பைச் சுண்ணாம்புத் தெளிவுநீரில் ஆறு மணி நேரம் ஊற வைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் விளைச்சல் கூடுமா என்று பார்ப்பது. ஒரே அளவில் எட்டுப் பாத்தி. நான்கில் ஊற வைத்த விதை, நான்கில் சும்மா விதை. ஆடியில் விதைப்பு, ஐப்பசியில் பறிப்பு. ஐம்பதிலிருந்து ஐம்பத்திரண்டு வரை மூன்று வருஷம் செய்தார்கள். மூன்று வருஷமும் ஊற வைத்த பாத்தி சராசரி ஐம்பது ராத்தல் தந்தால், சும்மாப் பாத்தி நாற்பத்தைந்து தந்தது. மழை நன்றாகப் பெய்த வருஷமும் அப்படித்தான், காய்ந்த வருஷமும் அப்படித்தான். பத்தில் ஒரு பங்கு வித்தியாசம், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆத்மநாதன் இதைக் கட்டுரையாக எழுதினார். நான் நான்கு தடவை டைப் அடித்தேன். சென்னையிலிருந்து வந்த ஒரு வேளாண்மைக் காலாண்டிதழுக்கு அனுப்பினார். அவர்கள் எதையும் வந்தவுடன் அச்சுக்குப் போட மாட்டார்கள், விஷயம் தெரிந்த இரண்டு பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டுத்தான் போடுவார்கள். அந்த இரண்டு பேரும், மூன்று ஆண்டும் முடிவு இவ்வளவு சீராக இருப்பது மெச்சத்தக்கது என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை ஆத்மநாதன் என்னிடமே படித்துக் காட்டினார். பயிர் என்றைக்குத்தான் சீராக விளைந்திருக்கிறது என்று எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எனக்கு அந்த எண்களை அடிக்கும்போது அழகாக இருந்தது, அவ்வளவுதான்.

ஐம்பத்துநான்கில் கட்டுரை அச்சாகி வந்தது. கடைசிப் பத்தியில், எடைகளைக் கவனமாக எடுத்த பீல்டுமேன் சேவுகனுக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது. இங்கிலீஷில் இருந்த அவர் பெயரை நான் விரலால் காட்டினேன். சேவுகன் அதைப் பார்த்தார், வெளியே போனார், திரும்பி வந்து மறுபடி பார்த்தார். சந்தோஷம் வந்தாலும் அந்த மனுஷருக்கு இருப்புக்கொள்ளாது. பிறகு இலாகாவில் ஐயாயிரம் துண்டுப்பிரசுரம் தமிழில் அச்சடித்தார்கள். அதை மொழிபெயர்த்தது நான். 'விதையை ஊற வையுங்கள், பத்தில் ஒரு பங்கு கூடுதலாக அள்ளுங்கள்' என்று தலைப்பு வைத்ததும் நான்தான். நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள்.

ஐம்பத்தைந்தில் ஆத்மநாதனுக்குப் பதவி உயர்வு வந்து திருச்சிக்குப் போனார். புது சூப்பிரண்டு வந்து சேரவில்லை. அந்த ஐப்பசியில், மறுபடி அதே முறையில் விதைத்திருந்த எட்டுப் பாத்தியைப் பறிக்கும்போது பண்ணையில் பெரிய மனுஷர் என்று யாரும் இல்லை. சேவுகன் நிறுத்தார். ஊற வைத்ததும் நாற்பத்தைந்து, சும்மா விதைத்ததும் நாற்பத்தைந்து.

முதலில் தராசைச் சந்தேகப்பட்டார். படிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஆலங்குடி வரை போய் ஒரு மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தார். கல் சரியாக இருந்தது. பிறகு விதையைச் சந்தேகப்பட்டார், சுண்ணாம்பைச் சந்தேகப்பட்டார், ஊற வைத்த மணிக்கணக்கைச் சந்தேகப்பட்டார். நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை என்று செவந்தி என்னிடம் வந்து குறைப்பட்டார். கடைசியில் கடலை ஆய்கிற பெண்களுக்குத் தலைமையாக இருந்த மூக்காயியிடம் போய், பறிப்பில் இந்த வருஷம் ஏதாவது மாற்றிச் செய்தீர்களா என்று கேட்டார்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் கூலி வழக்கத்தைச் சொல்ல வேண்டும். செடியைப் பிடுங்கிக் கடலை ஆய்கிறவர்களுக்குக் கூலி கடலையாகவே போகும், பத்து மரக்காலுக்கு ஒரு மரக்கால். ஆய்ந்து முடித்ததும் வயலிலேயே அளந்து மடியில் கட்டிக்கொள்வார்கள். மிச்சம்தான் வீட்டுக்கு வரும். அந்த மிச்சத்தைத்தான் எங்கள் ஊர்க்காரர்கள் விளைச்சல் என்பார்கள். இந்த வருஷம் எவ்வளவு கண்டது என்று வெள்ளாமை பார்க்கிற எந்தச் சம்சாரியைக் கேட்டாலும் கூலி போனதை ஒருவரும் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். பண்ணை ரூல்படி முதலில் எடை, பிறகு குடோனிலிருந்து கூலி. ரூல் ஆபீஸ் சுவரில் தொங்கியது. வயலில் வழக்கம்தான் நடந்தது.

மூக்காயி யோசிக்கவே இல்லை. "அய்யா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா நாங்க எப்புடிண்ணே மரக்காலை எடுப்போம்? அந்த ஒருநாள் மட்டும் சாயந்தரம் குடோனுக்குப் பின்னால வந்து வாங்கிக்கிருவோம். மறுநாள் அய்யா வரமாட்டாக. வழக்கம்போல வயல்லயே அளந்துக்குவோம். இந்த வருசம் அய்யா இல்ல, ரெண்டு நாளும் அப்புடித்தான் அளந்துக்கிட்டோம். நீங்களும் பக்கத்துலதான நின்னீங்க."

ஆத்மநாதன் மூன்று வருஷமும் தன்னுடைய ஊற வைத்த பாத்திகளை முதல்நாள் தானே நின்று பறிக்கச் சொன்னார். அன்று கடலை முழுசாகத் தராசுக்கு வந்தது. இரண்டாம் நாள் சும்மாப் பாத்திகள். அதைப் பார்ப்பதற்கு அவருக்கு ஆர்வமில்லை. அன்று பத்தில் ஒரு பங்கு மடியில் போன பிறகுதான் தராசுக்கு வந்தது. சுண்ணாம்புநீர் கூட்டித் தந்ததாக நாங்கள் ஊரெல்லாம் சொன்ன அந்தப் பத்தில் ஒரு பங்கு, பெண்களின் கூலி.

அன்றைக்குத்தான் சேவுகன் ஆபீசில் அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். குண்டூசியைத் தொடவில்லை. நான் காலாண்டிதழை எடுத்து ஒவ்வொரு எண்ணாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு ராத்தல் இப்படி, ஒரு ராத்தல் அப்படி, எல்லாம் சரியாகக் கூலிக்கணக்கில் போய் உட்கார்ந்தது. "என் கையால நிறுத்தேன் தம்பி. ரெண்டு நாளும் நாந்தான் நின்னேன்" என்றார் சேவுகன். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். அவர் காதில் விழவில்லை.

ஆத்மநாதனிடம் சொன்னால் அவரே சரிசெய்துவிடுவார் என்று சேவுகன் நம்பினார். திருச்சிக்குப் போனார். அங்கே நடந்ததைத் திரும்பி வந்து என்னிடம் சொன்னார். ஆத்மநாதன் முதலில் சிரித்திருக்கிறார், பிறகு கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார், பிறகு கதவைச் சாத்தியிருக்கிறார். டெல்லியில் ஒரு ஆராய்ச்சி வேலைக்கு அவர் பெயர் போயிருந்ததாம், தை மாதம் நேர்முகம், அந்தக் கட்டுரையை வைத்துத்தான் பெயரே போயிருந்ததாம். அதுவரை வாயைத் திறக்காதே, பிறகு நானே எழுதுகிறேன் என்றிருக்கிறார். சேவுகன் அரை மனதாகத் தலையாட்டிவிட்டு வந்தார்.

தை போயிற்று, மாசியும் போயிற்று. ஆத்மநாதனிடமிருந்து ஒரு வரி இல்லை. சேவுகன் மறுபடி திருச்சிக்குப் போனார். இந்தத் தடவை உட்காரச் சொல்லவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை. நிறுத்தது நீ, எழுதியது நீ, கையெழுத்து உன்னுடையது, இதில் நான் எங்கே வருகிறேன் என்று கேட்டாராம். சேவுகன் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் வந்துவிட்டார். எனக்கு மட்டும் தெரிந்ததா என்ன? நிறுத்தது அவர்தான். ஆனால் தப்பு என்று தெரிந்த பிறகு மூடி வைப்பது நிறுக்கிறவனின் தப்பு இல்லை. இந்த ஒரு வாக்கியம் எனக்குப் புலப்பட மாசக்கணக்கானது.

சேவுகனை வாட்டியது வேறு. ஆடி வந்தால் ஜனங்கள் விதைப்பார்கள். துண்டுப்பிரசுரம் ஊர் ஊராகப் போய்விட்டது. ஊறிய பருப்பு மண்ணுக்குள் போனதும் ஈரம் கேட்கும். விதைத்த மூன்றாம் நாள் மழை இல்லையென்றால் முளை வெளியே வராமலே அழுகிவிடும். உலர்ந்த விதையானால் மழை வரும்வரை மண்ணுக்குள் பொறுத்துக் கிடக்கும். லாபம் உண்மையில் கிடைத்தால் அந்தப் பயத்தைத் தாங்கலாம். லாபமே இல்லாதபோது எதற்கு? இதை என்னிடம் நடந்துகொண்டே சொன்னார், நானும் கூடவே நடக்க வேண்டியதாயிற்று. பண்ணை வரப்பை நான்கு சுற்றுச் சுற்றியிருப்போம். இதழ்க்காரர்களுக்கே எழுதிவிடுவோம் என்று கடைசியில் அவர்தான் சொன்னார்.

அவர் தமிழில் சொன்னார், நான் இங்கிலீஷில் எழுதினேன். ஆபீஸ் மிஷினில் ஒரு எழுத்து எப்போதும் அரை வரி மேலே ஏறி நிற்கும். பார்த்தவுடன் எந்த மிஷின், யார் விரல் என்று ஆத்மநாதன் சொல்லிவிடுவார். ஆகவே நான் புதுக்கோட்டைக்குப் போய்க் கடைத்தெருவில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அரைமணி வாடகைக்கு மிஷின் பிடித்து அதை அடித்தேன். அடியில் சேவுகன் மட்டும் தமிழில் கையெழுத்துப் போட்டார். என் பெயர் எங்கேயும் இல்லை. நான் கிறிஸ்தவன், சர்ச்சில் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லக்கூட எனக்கு நாக்கு எழவில்லை.

இரண்டு வாரத்தில் இதழாசிரியரிடமிருந்து பதில் வந்தது. சேவுகனுக்கு ஒன்று, அதன் நகல் ஆத்மநாதனுக்கு ஒன்று. எட்டாவது படித்த ஒரு பீல்டுமேனுக்கு அவர் எழுதியிருந்த மரியாதையை நான் இன்றும் மறக்கவில்லை. ஒரு தரப்பை மட்டும் கேட்டு எதையும் செய்ய முடியாது, கட்டுரை எழுதியவருக்கும் விளக்கம் சொல்ல ஒரு மாதம் தருகிறேன் என்றிருந்தார். யாருடைய வாய்ச்சொல்லும் போதாது, சுத்தமாக நகலெடுத்த புத்தகம் வேண்டாம், வயலில் பென்சில் முதலில் பட்ட புத்தகமே வேண்டும் என்றிருந்தார். தவறு என்று உறுதியானால், கட்டுரையை எப்படி ஊரறிய அச்சிட்டோமோ அப்படியே ஊரறிய அதைத் திரும்பப் பெறுவோம் என்று முடித்திருந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் பண்ணை வாசலில் ஜீப் வந்து நின்றது. ஆத்மநாதன் நேராக ஆபீசுக்குள் வந்தார். சேவுகனைக் கூப்பிட்டு பீல்டு புக்கை எடுத்து வரச் சொன்னார். என்னை வெளியே போ என்று சொல்லவில்லை. மேஜை, பீரோ, டைப்பிஸ்ட் எல்லாம் அவருக்கு ஒரே வகைச் சாமான். நான் மிஷினில் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் சேவுகனுக்கு லேசாக இருந்திருக்கும். பழைய அன்போடு தோளில் கை வைத்துப் பேசினார். "ஒவ்வொரு பக்கத்து ஓரத்துலயும் 'கூலிக்கு முன் நிறுத்தது'ன்னு மூணு வார்த்தை எழுதிரு. அவ்வளவுதான். நாலஞ்சு வருஷத்துக்கு முந்தி எது முன்னால நடந்துச்சு, எது பின்னால நடந்துச்சுன்னு யாரு கண்டா? ஒனக்கே நிச்சயமாத் தெரியுமா, சேவுகா? ஆய்ஞ்ச பொம்பளைக சொன்னாக, நீயும் கலங்கிப் போயிட்டே. தப்பு ஒன் பேர்ல விழுந்தா வேலை நிக்காது. நான் ஒன்னைக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன்."

சொல்லிவிட்டு, பழைய பாத்திகளைப் பார்த்து வருகிறேன் என்று வெளியே போனார். சேவுகன் என் மேஜை மேலேயே புத்தகத்தை விரித்தார். காதிலிருந்து ஊதாப் பென்சிலை எடுத்தார். எழுதினார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை, பென்சில் உரசுகிற சத்தம் கேட்டது. ஐம்பதாம் வருஷத்துப் பக்கங்களை முடித்துவிட்டார். ஐம்பத்தொன்றைத் திருப்பும்போது சத்தம் நின்றது. அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. வேண்டாம் அண்ணே என்று நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். டைப் அடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி பென்சில் ஓடியது. இந்தத் தடவை வேகமாக. பிறகு புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். 'கூலிக்கு முன் நிறுத்தது' என்ற வரிக்குக் கீழே, அதே பென்சிலில், 'மேலே உள்ளதை இன்று எழுதினேன். அது பொய். கூலி போன பிறகுதான் நிறுத்தேன். சேவுகன்' என்று எழுதித் தேதி போட்டிருந்தார். பொய் எழுதிய ஒவ்வொரு பக்கத்திலும் அப்படியே. மற்ற இரண்டு வருஷத்து இரண்டாம் நாள் பக்கங்களில் 'கூலிக்குப் பின்' என்று மட்டும் எழுதியிருந்தார். ஒரு வரியை அடித்துவிட்டுப் போயிருக்கலாம். அடிக்கவில்லை.

"தம்பி, இதைக் கட்டி ரிஜிஸ்தர் தபால்ல போட்டுருங்க. அய்யா திரும்பி வர்றதுக்குள்ள கெளம்பிருங்க. நான் நின்னா மனசு மாறிருவேன்" என்றார். பின்வாசல் வழியாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆலங்குடித் தபாலாபீசுக்குப் பறந்தேன். வழியெல்லாம் பின்னால் ஜீப் சத்தம் கேட்கிற மாதிரியே இருந்தது. ரசீதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டபோதுதான் மூச்சு வந்தது. என் உத்தியோக காலத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான், அதுவும் இன்னொருவர் சொல்லி.

புத்தகம் எங்கே என்று ஆத்மநாதன் திரும்பி வந்து கேட்டபோது, தானே அனுப்பிவிட்டதாகச் சேவுகன் சொல்லியிருக்கிறார். யாரிடம் கொடுத்து அனுப்பினார் என்று எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை.

அடுத்த காலாண்டு இதழின் கடைசிப் பக்கத்தில், ஒரு உர விளம்பரத்துக்கு மேலே, ஏழு வரி வந்தது. எல்லாப் பாத்திகளிலும் எடை ஒரே முறையில் எடுக்கப்படவில்லை என்று மூலப் புத்தகத்திலிருந்து தெரிவதால் கட்டுரை திரும்பப் பெறப்படுகிறது, இதன் முடிவுகளை யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று இருந்தது. யார் மேலும் பழி போடவில்லை. இனி அறுவடைக் கட்டுரை அனுப்புகிறவர்கள், கூலி தானியமாகக் கொடுக்கப்பட்டதா, கொடுத்தால் எடைக்கு முன்னா பின்னா என்று சொல்லியே ஆக வேண்டும் என்ற விதியையும் அந்த இதழிலிருந்து சேர்த்துவிட்டார்கள்.

நான் அந்த ஏழு வரியைத் தமிழில் சொன்னேன். சேவுகன் முகம் தெளியும் என்று எதிர்பார்த்தேன். இது ஆடிக்கு முன்னால் ஊருக்குத் தெரியுமா என்று கேட்டார். ஆலங்குடி வட்டாரத்தில் அந்த இதழ் வந்த ஒரே இடம் எங்கள் ஆபீஸ். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்.

பிறகு மெமோ வந்தது. சர்க்கார் புத்தகத்தில் பொய்யான குறிப்பு எழுதியதற்கும், அனுமதியில்லாமல் புத்தகத்தை வெளியே அனுப்பியதற்கும் இரண்டு வருஷம் இன்கிரிமென்ட் நிறுத்தம், மணமேல்குடிக் கடலோரத்தில் சவுக்குக் கன்று வளர்க்கிற நாற்றங்காலுக்கு மாற்றல். பொய்யை எழுதச் சொன்னவருக்கு மெமோ இல்லை. ஆத்மநாதனின் டெல்லி உத்தியோகம் ஒரு வருஷம் தள்ளிப்போனது, அவ்வளவுதான், அடுத்த வருஷம் ரயிலேறிவிட்டார். எனக்கு இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. சேவுகன் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. சவுக்குக் கன்றுக்கு எடை போட வேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி என்று மட்டும் சொன்னார்.

துண்டுப்பிரசுரத்தைத் திரும்ப வாங்கச் சொல்லி இலாகாவுக்கு அவரும் எழுதினார், நானும் எழுதினேன். இந்தத் தடவை என் பெயரைப் போட்டே எழுதினேன். பிரசுரம் வேறு செக்ஷன் என்று பதில் வந்தது. அந்த செக்ஷனுக்கு எழுதினோம், பதிலே வரவில்லை. ஐம்பத்தேழு ஆடியில் விதைத்து முடித்ததும் மழை நின்றுபோனது. ஊற வைத்து விதைத்த புஞ்சைகள் எல்லாம் வெறும் மண்ணாகக் கிடந்தன. அந்தச் செய்தியை மணமேல்குடிக்கு நானே கடிதத்தில் எழுதினேன். எழுதாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பட்டது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆனியிலும் சேவுகன் பத்து நாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறி வந்துவிடுவார். ஆலங்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் வீடு வீடாகப் போய், விதையை ஊற வைக்காதீர்கள் என்று சொல்வார். சிலர் கேட்டார்கள். சிலர், சர்க்கார் அச்சடித்துக் கொடுத்ததை நீ யார் வேண்டாம் என்பது என்று விரட்டினார்கள். வடகாட்டில் ஒருவர், இது பக்கத்து ஊர்க்காரன் கிளப்பிவிட்ட பொறாமைப் பேச்சு என்று சொல்லிவிட்டார். செவந்தி கெஞ்சியும் பார்த்தார், சண்டையும் போட்டார். மனுஷர் நிற்கவில்லை.

அறுபத்தொன்றில் நானும் அவரோடு போனேன். கொத்தமங்கலத்தில் அழகி என்று ஒரு அம்மாள், நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, மூன்று ஏக்கர் புஞ்சையைத் தானே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனி முடியும் தறுவாய், முந்தைய நாள் மழை பெய்திருந்தது. நாங்கள் போனபோது சுண்ணாம்புத் தெளிவை இறுத்து வைத்து, பானையில் விதையைப் போடப் போகும் நேரம். பக்கத்தில் எங்கள் துண்டுப்பிரசுரம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. என் தலைப்பை நானே பார்க்கக் கூசியது. சேவுகன் நின்றபடியே மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னார். எட்டுப் பாத்தி, கூலி, தராசு, தான் செய்த தப்பு, எதையும் விடவில்லை.

அழகி கடைசிவரை கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "அன்னைக்கும் நீங்கதான் நிறுத்துச் சொன்னீங்க. அது தப்புன்னு இன்னைக்கும் நீங்கதான் சொல்றீங்க. இதையாச்சும் சரியாச் சொல்றீங்கன்னு நான் எதை வச்சு நம்புறது?"

என் பையில் அந்த ஏழு வரி வந்த காலாண்டிதழ் இருந்தது. எடுக்கக் கை போனது, எடுக்கவில்லை. இங்கிலீஷ் எழுத்தைக் காட்டி அந்த அம்மாளிடம் என்ன சொல்வேன்? சேவுகன் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. மெமோவுக்குக் கலங்காத மனுஷர் அந்தக் கேள்விக்குக் கலங்கிவிட்டார். கண் நிறைந்துவிட்டது. பிறகு, பாதிப் புஞ்சைக்கு ஊற வைத்து விதைக்கச் சொன்னார், மறு பாதிக்கு அப்படியே விதைக்கச் சொன்னார். பறிப்புக்கு வருகிறேன் என்றார். அழகி நம்பாமல்தான் சம்மதித்தார்.

ஐப்பசியில் போனோம். மழைக்கு இடையில் இரண்டு நாள் வெறித்திருந்தது. ஆய்கிற பெண்கள் மரக்காலை எடுக்கும் முன்பே சேவுகன் அவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, எடை முடிகிறவரை பொறுக்கச் சொன்னார். இரண்டு குவியலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஊரில் இரவல் வாங்கிய தராசை வேப்பமரத்துக் கிளையில் கட்டியிருந்தார்கள். அழகி எங்களைப் பார்த்தார், நிறுங்கள் என்கிற மாதிரி.

சேவுகன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் போய் நின்றார். "நீயே நிறு, தாயி. நான் தொடமாட்டேன்" என்றார்.

அழகி நிறுத்தார். கூடை கூடையாக ஏற்றி இறக்க ஒரு மணி நேரத்துக்கு மேலானது. அவ்வளவு நேரமும் சேவுகன் முள்ளைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இரண்டும் ஒன்றுதான், ஊற வைத்த பாதியில் மூன்று கிலோ குறைவு. அழகி மறுபடி ஒரு தடவை தன் திருப்திக்கு நிறுத்துப் பார்த்தார். பிறகு எங்கள் பக்கம் வந்தார்.

"இந்த ஊருக்கு இனி நீங்க அலைய வேணாம்ணே" என்றார். "நீங்க சொன்னா நம்பமாட்டாங்க. நான் நிறுத்துப் பாத்தேன்னு நானே சொல்லிக்கிறேன்."

சேவுகன் தலையாட்டினார். கூலி அளக்கலாம் என்று பெண்களிடம் சொல்லிவிட்டு, வடகாட்டுக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார்.